“கட்டணமே வேண்டாம்” என்கிறார்கள்: தங்கையை நர்சிங்கில் சேர்க்கலாமா?

கேள்வி, 17 மே 2025

தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். உயிரியல் பிரிவு, 600க்கு 471. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறார். நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன். எங்கள் ஊரில் ஒருவர் பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கட்டணம் முழுவதும் உதவித்தொகையில் கழிந்துவிடுமாம், அசல் சான்றிதழ்களையும் முன்பணமாக 15,000 ரூபாயையும் கொடுத்தால் போதுமாம். நர்சிங் படிப்புக்கு இப்படி உதவித்தொகை உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

17 மே 2025, இரவு

சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள். நான் செவிலியர், இரவுப் பணியில் இருக்கிறேன், நாளை எழுதுகிறேன்.

18 மே 2025

உதவித்தொகை உண்டு. ஒன்றல்ல, பல உண்டு. ஆனால் அவற்றில் எதுவும் தரகர் கை வழியாக வருவதில்லை. அந்த மனிதரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்த உதவித்தொகையின் பெயர் என்ன, எந்தத் துறை தருகிறது?” அவரால் பெயர் சொல்ல முடியாவிட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணை இப்படித்தான் அழைத்துப் போனார்கள். “உதவித்தொகைப் படிவம்” என்று சொல்லி நான்கு தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றாம் ஆண்டில் வீட்டுக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்தபோதுதான் அது கல்விக் கடன் என்று தெரிந்தது. படிப்பை விட்டுவிடலாம் என்றால் அசல் சான்றிதழ்கள் கல்லூரியின் அலமாரியில் இருந்தன. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிக்கை வெளியிட்டது. பத்தொன்பது வயதுப் பெண் அந்த அறிவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்று வாதாடுவாளா? அவள் அம்மா மூன்று முறை ரயிலேறிப் போய் அழுத பிறகுதான் கொடுத்தார்கள்.

இனி உங்கள் தங்கையின் விஷயம். நர்சிங்கில் எவ்வளவு உதவி கிடைக்கும் என்பதை முதலில் முடிவு செய்வது எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பதுதான். தமிழ்நாட்டில் அரசு நர்சிங் கல்லூரி இடங்களுக்கும் சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. நீட் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. இந்த வாசலில் போனால் உதவிகள் ஒன்றன் பின் ஒன்றாகத் திறக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் அவற்றில் முக்கியமானவை மூடிக்கொள்ளும். வெளிமாநிலத்துக்குப் போனால் எல்லாமே மூடிக்கொள்ளும்.

சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு, தேனி போன்ற இடங்களில் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. 471க்கு அங்கே கிடைப்பது கடினம், மறைத்துப் பேச விரும்பவில்லை. சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. விண்ணப்பம் தொடங்கும் நாளைத் தவற விடாதீர்கள்.

18 மே 2025, மாலை

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். நீங்கள் பாலிடெக்னிக் முடித்ததாகச் சொன்னீர்கள். அது பட்டயம், பட்டம் அல்ல. ஆகவே உங்கள் தங்கை முதல் பட்டதாரிதான். முதல் பட்டதாரிக்கு அரசு கல்விக் கட்டணத்தில் சலுகை தருகிறது. தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என யாரும் பட்டம் பெறாத குடும்பமாக இருக்க வேண்டும். சலுகை குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். தம்பி, நீங்கள் பிறகு பகுதிநேரமாகப் பொறியியல் படிக்க நினைத்திருந்தால் அந்தச் சலுகையைத் தங்கைக்கு விட்டுக்கொடுப்பதாக இப்போதே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று மூன்று மேசைகளைத் தாண்டி வர வேண்டும். கலந்தாய்வு அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். இந்த வாரமே போடுங்கள். வருமானச் சான்றிதழையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

21 மே 2025

முதல் பட்டதாரி சலுகை எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அந்தச் சலுகை 2010-11 கல்வியாண்டில் வந்தது. நான் 2009இல் சேர்ந்தேன்.

அப்பா சங்கரன்கோவிலில் விசைத்தறித் தொழிலாளி. வாரக் கூலி. எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. கலந்தாய்வு என்று ஒன்று இருப்பதே தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கல்லூரியில் நேரே போய்ப் பணம் கட்டிச் சேர்ந்தோம். அடுத்த ஆண்டு எனக்குக் கீழ் வகுப்பில் கலந்தாய்வு வழியாக வந்த ஒரு பெண், கல்விக் கட்டணத்தில் அரசு கொடுத்த சலுகையைப் பற்றிச் சொன்னபோது அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சலுகை ஒரு வருடம் பிந்தி வந்தது என் தலையெழுத்து. கலந்தாய்வுக்குப் போகாமல் விட்டது எங்கள் அறியாமை. இரண்டையும் சேர்த்துத்தான் பிறகு ஏழு வருடம் வட்டியாகக் கட்டினேன்.

2 ஜூன் 2025

திருத்தம். “வெளிமாநிலத்துக்குப் போனால் எல்லாமே மூடிக்கொள்ளும்” என்று 18ஆம் தேதி எழுதினேன். அது தவறு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை மாணவரின் சொந்த மாநிலம்தான் வழங்குகிறது, படிப்பது எந்த மாநிலமாக இருந்தாலும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். செலவை மத்திய அரசும் மாநில அரசும் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு 60:40, பழங்குடியின மாணவர்களுக்கு 75:25 என்று பகிர்ந்துகொள்கின்றன. கட்டணத்துக்கு மேல் பராமரிப்புப் படியும் உண்டு. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான திட்டத்தில் நர்சிங் இரண்டாம் பிரிவில் வருகிறது: விடுதியில் தங்குவோருக்கு ஆண்டுக்கு 9,500, வீட்டிலிருந்து வருவோருக்கு 6,500.

மத்திய அரசின் பங்கு இப்போது மாணவரின் கணக்குக்கே நேரடியாக வருகிறது. வந்த பணத்தில் கட்டணப் பகுதியை மாணவர்தான் கல்லூரியில் கட்ட வேண்டும். வீட்டில் ஏதாவது அவசரம் என்று அந்தப் பணத்தில் கை வைத்துவிட்டுப் பிறகு தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

முதல் பட்டதாரி சலுகையும், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் உதவியும் தமிழ்நாட்டுக் கல்லூரியில் படித்தால்தான். அதில் நான் சொன்னது சரி.

வெளிமாநிலம் பற்றி இன்னொன்று. 2017இல் கர்நாடகக் கல்லூரிகளின் பெயர்கள் இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் இல்லாமல் போனபோது, அங்கே படிக்கப் போன கேரள மாணவர்கள் பலருக்கு வங்கிக் கடன் சிக்கலானது. எந்த ஊராக இருந்தாலும் சேருவதற்கு முன் கவுன்சிலின் பட்டியலில் கல்லூரியின் பெயரை உங்கள் கண்ணால் பாருங்கள். தரகர் தன் செல்பேசியில் காட்டும் படம் போதாது.

9 ஜூன் 2025

தம்பி, அம்மா பீடி சுற்றுகிறார் என்பதை நீங்கள் வறுமைக்கு அடையாளமாகத்தான் எழுதியிருந்தீர்கள். அதுவே ஒரு தகுதியும்கூட. பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் உதவித்தொகை தருகிறது. வகுப்புக்கும் படிப்புக்கும் ஏற்ப ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை. தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பல பெண்கள் இருபது வருடம் சுற்றிய பிறகும் அட்டை வாங்காமல் இருக்கிறார்கள், ஏனென்றால் கணக்கு இன்னொருவர் பெயரில் ஓடுகிறது. அட்டை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

10 ஜூன் 2025

அட்டை இருக்கிறதாம்! அரிசிப் பானைக்குப் பின்னால், மஞ்சள் பையில். நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

15 ஜூன் 2025

வங்கிக் கணக்கு. இதைப் படிக்க எல்லோருக்கும் சலிப்பாக இருக்கும், ஆனால் பணம் வராமல் போவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான்.

கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு. அரசுப் பணம் வந்து சேர அந்தக் கணக்கை ஆதாருடன் இணைத்திருப்பது வேறு. இரண்டாவதைத்தான் வங்கியில் “என்.பி.சி.ஐ. (தேசியக் கொடுப்பனவுக் கழகம்) இணைப்பு” என்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தால், கடைசியாக எந்தக் கணக்கு அப்படி இணைக்கப்பட்டதோ அதில்தான் பணம் விழும். ஒரு மாணவிக்கு எட்டு மாதப் பணம் வரவேயில்லை என்று நினைத்திருந்தோம். ஒன்பதாம் வகுப்பில் பள்ளியில் திறந்து கொடுத்த பழைய கணக்கில் அவ்வளவும் பத்திரமாக இருந்தது.

அடுத்தது பெயர். மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் தலைப்பெழுத்தே இல்லை. மூன்றும் ஒருவரே என்று கணினிக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இப்போதே ஒன்றாக்குங்கள்.

28 ஜூன் 2025

ஒரு தாய் கேட்டிருக்கிறார்: மகள் பதினொன்றாம் வகுப்பு, நர்சிங்தான் வேண்டும் என்கிறாள், முழுவதும் இலவசமாகப் படிக்க ஒரு வழியும் இல்லையா?

ஒரு வழி இருக்கிறது, நம் பெண்கள் அதிகம் தெரிந்துகொள்ளாத வழி. ராணுவ நர்சிங் பணிக்கான பி.எஸ்சி. நர்சிங். புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூர் ஆகிய ஆறு இடங்களில் மொத்தம் 220 இடங்கள். திருமணமாகாத பெண்களுக்கு மட்டும். படிப்பு, தங்குமிடம், உணவு, சீருடை எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும், மாதப் படியும் உண்டு. முடித்ததும் ராணுவ நர்சிங் அதிகாரியாகப் பணியாற்றுவதாக உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு நீட் எழுத வேண்டும், உடல் தகுதியும் பார்ப்பார்கள். பதினொன்றாம் வகுப்பு என்றால் நேரம் இருக்கிறது, அம்மா. புதுச்சேரி ஜிப்மரிலும் நர்சிங்குக்கு நீட் மதிப்பெண்தான். அங்கே கட்டணம் சுயநிதிக் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு.

வேலூர் சி.எம்.சி. பற்றியும் ஒருவர் கேட்டார். 1946இலேயே அங்கே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. திருச்சபை மருத்துவமனைகள் பரிந்துரைக்கும் மாணவர்கள் படித்து முடித்ததும் அந்த மருத்துவமனைகளில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும். இப்படிப்பட்ட பணி ஒப்பந்தத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டால் அது நேர்மையான ஏற்பாடு.

3 ஆகஸ்ட் 2025

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் மத்திய அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகை பற்றிச் சிலர் கேட்டார்கள். முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 12,000, நான்காம் ஆண்டில் 20,000. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள். விதியில் உள்ள “80ஆவது பெர்சன்டைல்” என்ற எண்ணைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். 80 சதவீத மதிப்பெண் என்று பொருளல்ல. வாரியத்தில் தேர்ச்சி பெற்றவர்களின் வரிசையில் மேலேயுள்ள 20 சதவீதத்துக்குள் வர வேண்டும்.

இன்னொரு நிபந்தனையை யாரும் படிப்பதில்லை: வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவர்களுக்கு இது கிடையாது. கிடைப்பதற்கெல்லாம் விண்ணப்பம் போடுங்கள் என்று சிலருக்குத் தனியாகச் சொல்லியிருந்தேன். அந்த அறிவுரையைத் திரும்பப் பெறுகிறேன். எது எதோடு சேரும் என்று முதலில் பாருங்கள். புதுமைப்பெண் மற்ற உதவித்தொகைகளோடு சேரும். இது சேராது.

19 செப்டம்பர் 2025

இது நீளமாக இருக்கும். பல நாளாக எழுத நினைத்தது.

எங்கள் வகுப்பில் மிக நன்றாகப் படித்தவள் இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டாள். கல்விக் கட்டணத்தால் அல்ல. அதற்குக் கடன் கிடைத்திருந்தது. அவளை நிறுத்தியது மெஸ் பில். 6,400 ரூபாய் பாக்கி. பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களைச் சாப்பாட்டுக்கூட வாசலில் ஒட்டினார்கள். அவள் முதலில் இரவுச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு ஒரு சனிக்கிழமை பெட்டியோடு கிளம்பினாள். “அடுத்த வாரம் வருகிறேன்” என்றாள். அவளுடைய ரெக்கார்டு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இதயத்தின் நான்கு அறைகளை அவள் வரைந்தது போல நான் இன்றுவரை யாரும் வரைந்து பார்த்ததில்லை. அன்று எங்கள் நாற்பது பேரில் யாராவது வாய் திறந்திருந்தால் ஆளுக்கு 160 ரூபாய்தான். எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், நர்சிங்கில் உதவி என்று பேசும்போது எல்லோரும் கல்விக் கட்டணத்தையே பேசுகிறார்கள். பெண்களைத் திருப்பி அனுப்புவது சில்லறைச் செலவுகள். மூன்று ஜோடிச் சீருடை. வெள்ளை ஷூ. ரத்த அழுத்தக் கருவி, ஸ்டெதஸ்கோப். ரெக்கார்டு நோட்டுகள், கேஸ் புக். வார்டுப் பயிற்சிக்குப் போய் வரப் பஸ் கட்டணம். விளக்கேற்றும் விழாவுக்கு வசூல். பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், அதுவும் எங்கள் காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறை. இப்போதைய பாடத்திட்டம் பருவமுறை, ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறை. கலைக் கல்லூரி மாணவி போல மாலையில் பகுதிநேர வேலை பார்க்கலாம் என்றால் காலை ஏழு மணிக்கு வார்டு, மதியம் வகுப்பு, இரவில் ரெக்கார்டு.

இந்தச் செலவுகள் முதல் வாரத்தில் வரும். உதவித்தொகை சேருவதற்கோ பல மாதங்கள் ஆகும். இடையில் உள்ள அந்த மாதங்களில்தான் பெட்டியைக் கட்டுகிறார்கள்.

சேர்க்கைக்குப் போகும்போதே அலுவலகத்தில் கேளுங்கள்: உதவித்தொகை வரும்வரை காத்திருப்பீர்களா, அதை எழுதித் தருவீர்களா? மெஸ் கணக்கு மாதா மாதமா, பருவத்துக்கு ஒரு முறையா? வெட்கப்படாதீர்கள். பணம் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருப்பது போல அவகாசம் கேட்கும் உரிமை உங்களுக்கும் இருக்கிறது.

20 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இருவர், இப்போதும் யாராவது அப்படி இருக்கிறார்களா, உதவலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நன்றி. பணத்தை என்னிடம் அனுப்ப வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள நர்சிங் கல்லூரியின் விடுதிக் காப்பாளரைப் பாருங்கள். யார் இரவுச் சாப்பாட்டுக்கு வருவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

12 அக்டோபர் 2025

இடம் கிடைத்துவிட்டது! சுயநிதிக் கல்லூரி, அரசு ஒதுக்கீடு, வீட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். தம்பி எழுதிய செய்தியைப் பணிமாற்ற நேரத்தில் எங்கள் மூத்த செவிலியரிடம் படித்துக் காட்டினேன்.

முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்துக்குத்தான். விடுதிக்கும் மற்றவற்றுக்கும் கடன் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வாங்கலாம், தேவையான அளவு மட்டும். 4 லட்சம் வரை சொத்துப் பிணையும் வேண்டாம், நம் பங்காக முன்தொகையும் வேண்டாம். அம்மா இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் சேரும் வட்டியை மத்திய அரசு ஏற்கும். நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) தரச்சான்று இல்லாத கல்லூரி என்று சொல்லி வங்கியில் இந்த மானியத்தை மறுத்தால், நர்சிங் படிப்புக்கு நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் போதும் என்று திட்ட விதியிலேயே இருப்பதைச் சொல்லுங்கள்.

இந்த வட்டி மானியம் 2009-10இல் தொடங்கியது. நான் கடன் வாங்கிய அதே ஆண்டு. என் வங்கிக் கிளையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டில் கணக்குப் புத்தகத்தில் வட்டி ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு மனு எழுதினேன். பழைய ஆண்டுகளுக்கு உரிய காலம் கடந்துவிட்டது என்றார்கள். மே மாதம் ஏழு வருட வட்டி என்று எழுதினேன் அல்லவா, அதில் ஒரு பகுதி நான் கட்டியிருக்கவே வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வங்கிக்குப் போய், மானியத்துக்கு அனுப்பினீர்களா என்று கேளுங்கள். வருமானச் சான்றிதழின் நகலைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள்.

26 அக்டோபர் 2025

தம்பிகள் இருவர் தங்களுக்கு ஒன்றுமில்லையா என்று கேட்டார்கள். புதுமைப்பெண் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது, மாதம் 1,000 ரூபாய். ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது, அதே தொகை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்கள் நர்சிங்குக்கு வருவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், எலும்பு முறிவு வார்டில் தொண்ணூறு கிலோ நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரத்தில் வந்து பார்க்க வேண்டும்.

பட்டப்படிப்பில் இடம் கிடைக்காதவர்கள் மூன்றாண்டு டிப்ளமோவை இழிவாக நினைக்காதீர்கள். முடித்துவிட்டு இரண்டாண்டில் போஸ்ட் பேசிக் படித்துப் பட்டம் பெறலாம். என்னோடு பணிபுரிபவர்களில் ஊசி குத்துவதில் கைதேர்ந்தவர் அப்படி வந்தவர்தான்.

7 டிசம்பர் 2025

தங்கையின் கணக்கில் முதல் 1,000 ரூபாய் விழுந்துவிட்டதாம். மெஸ்ஸுக்குக் கட்டாமல் ஷூ வாங்கிவிட்டாள், கண்டித்தேன் என்று தம்பி எழுதியிருக்கிறார். கண்டிக்காதீர்கள். இவ்வளவு நாள் அவள் தோழியின் ஷூவை, ஒரு அளவு சிறியதைப் போட்டுக்கொண்டு வார்டில் நின்றிருக்கிறாள். உங்களிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள்.

பீடித் தொழிலாளர் உதவித்தொகை விண்ணப்பம் கல்லூரிச் சரிபார்ப்பில் நிற்கிறது என்று திரையில் காட்டினால் அது தானாக நகராது. திங்கட்கிழமை அவளை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். அட்டையின் நகலையும் கொண்டு போகட்டும்.